பழைய கப்பல் பீரங்கிகளும் அவற்றின் வண்டிகளும்: எங்கள் நிலைப்பாடு

கடற்கரைக் கோட்டைகளிலும் அருங்காட்சியக வாசல்களிலும் கிடக்கும் பழைய கப்பல் பீரங்கிகளைச் சீரமைக்க வேண்டும் என்ற கோரிக்கை அவ்வப்போது எழுகிறது. துருவைச் சுரண்டிவிட்டுக் கறுப்புப் பெயின்ட் அடிப்பது, புது மரவண்டி செய்து மேலே ஏற்றுவது, முடிந்தால் ஏதாவது ஒரு விழா நாளில் வெடித்துக் காட்டுவது: கேட்பவர்களின் மனத்தில் இருப்பது பெரும்பாலும் இவ்வளவுதான். கடல்சார் மரபில் ஈடுபாடுள்ளவர்கள் கூடி நடத்தும் அமைப்பு என்பதால் எங்களிடமும் கருத்துக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட எல்லாருக்கும் சேர்த்து ஒரே முறை சொல்லிவிடலாம் என்று இதை வெளியிடுகிறோம்.

அசல் பீரங்கியைப் புதிதாக்கக் கூடாது. இன்று எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே மேலும் அழியாமல் காக்க வேண்டும். குழந்தைகள் தொட்டுப் பார்க்கவும் வெட்டவெளியில் நிறுத்தவும் வெடித்துச் சோதிக்கவும் ஒரு பீரங்கி தேவையென்றால் நகல் வார்த்துக்கொள்ளலாம். அதை நாங்கள் வரவேற்கிறோம். வண்டி விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருக்கிறோம். தவறான வண்டியில் ஏறிய பீரங்கியைவிட வண்டியே இல்லாமல் இரண்டு கட்டைகளின் மேல் கிடக்கும் பீரங்கி நல்லது என்பது எங்கள் கருத்து.

தஞ்சாவூர் கீழவாசல் பீரங்கி மேட்டில் இருக்கும் பெரிய பீரங்கியைப் பற்றியும் சிலர் கேட்பதுண்டு. அது கப்பலுக்குரியதல்ல, வார்ப்பும் அல்ல. நீள இரும்புப் பட்டைகளைச் சேர்த்து, மேலே வளையங்களைக் காய்ச்சி இறுக்கி, அடித்து உருவாக்கியது. அதன் பிரச்சினைகள் வேறு. இந்த அறிக்கை அதற்குப் பொருந்தாது.

இரும்புக்குள் இருக்கும் உப்பு

பீரங்கியைப் புதிதாக்கலாம் என்று நினைப்பவர்கள் வார்ப்பிரும்பின் குணத்தைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும். உப்புநீரில் பல ஆண்டுகள் கிடக்கும் வார்ப்பிரும்பிலிருந்து இரும்பு மெல்லக் கரைந்து வெளியேறுகிறது; கரி மட்டும் கிராஃபைட்டாக எஞ்சுகிறது. வடிவம் மாறுவதில்லை. வாயைச் சுற்றிய வளையங்கள், மேற்புற முத்திரை, குழலை வண்டியில் தாங்க இருபுறமும் நீளும் முளைகளின் விளிம்பு எல்லாம் முன்போலவே தெரியும். ஆனால் அந்த மேலடுக்கைப் பேனாக்கத்தியால் கீறி எடுத்துவிடலாம். முத்திரையும் எண்ணும் பதிந்திருப்பது அந்த அடுக்கில்தான். கிரைண்டர், வயர் பிரஷ், சாண்ட் பிளாஸ்டிங் ஆகியவை துருவோடு அதையும் கொண்டுபோய்விடுகின்றன. அதன்பின் மிஞ்சுவது பளபளப்பான, எந்த நாட்டுடையது என்றுகூடச் சொல்ல முடியாத ஓர் இரும்புக் குழாய்.

பெயின்ட் அடிப்பதில் வேறொரு சிக்கல். கடலுப்பின் குளோரைடு இரும்பின் நுண்துளைகளுக்குள் புகுந்து உட்கார்ந்திருக்கிறது. ஈரக்காற்று கிடைக்கும்போதெல்லாம் அது வேலையைத் தொடங்கும். மேலே எனாமல் பூசி மூடினால் துரு உள்ளேயே வளர்ந்து, ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு பெயின்ட்டையும் அதோடு ஒட்டிய இரும்பையும் செதில் செதிலாகப் பெயர்த்துத் தள்ளும். அதைச் சுரண்டி மறுபடி பூசுவார்கள். இப்படி ஒவ்வொரு சுற்றிலும் பீரங்கி கொஞ்சம் இளைக்கிறது.

முறையாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் நல்ல உதாரணம் இருக்கிறது. 1770 ஜூன் மாதம் ஜேம்ஸ் குக்கின் எண்டெவர் கப்பல் கிரேட் பேரியர் ரீஃப் பவளத்திட்டில் ஏறிச் சிக்கிக்கொண்டது. பாரத்தைக் குறைக்க ஆறு பீரங்கிகளைக் கடலில் தள்ளினார்கள். ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் கழித்து, 1969இல், அந்த ஆறும் பவளம் படிந்த கட்டிகளாகக் கண்டெடுக்கப்பட்டன. மெல்போர்னில் மின்பகுப்பு முறையில் அவற்றுக்குச் சிகிச்சை அளித்தார்கள். பிறகு அவை வெவ்வேறு நாடுகளின் நிறுவனங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. ஒன்று விபத்து நடந்த இடத்துக்கு அருகிலுள்ள குக்டவுனுக்கே போயிற்று. நாலு பவுண்டு குண்டு போடும் சிறிய, எளிய பீரங்கிகள் அவை. ஆனாலும் எந்தக் கப்பலிலிருந்து, எந்த ஆண்டில், எதற்காகத் தள்ளப்பட்டவை என்று தெரியும். அத்தனை துல்லியமான பிறப்புச் சான்றிதழோடு வரும் பீரங்கிகள் உலகில் அரிது.

மின்பகுப்பு என்பது பெரிய மந்திரமல்ல. காஸ்டிக் சோடா கரைத்த நீர்த்தொட்டியில் பீரங்கியை மூழ்கவைத்து, சுற்றிலும் இரும்பு வலை கட்டி, பீரங்கியை எதிர்மின் முனையாக இணைத்து மிகக் குறைந்த மின்சாரத்தைச் செலுத்துகிறார்கள். பீரங்கியின் மேல் எழும் ஹைட்ரஜன் குமிழிகள் பவள ஓட்டைத் தளர்த்துகின்றன. குளோரைடு இரும்பைவிட்டு நீருக்கு நகர்கிறது. நீரை மாற்றி மாற்றி, அதில் குளோரைடு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளந்துகொண்டே இருக்க வேண்டும். அளவு இனி உயராது என்று உறுதியான பிறகே வெளியே எடுத்துக் கழுவி, உலர்த்தி, டானிக் அமிலம் பூசி, மெழுகில் முடிப்பார்கள். பெரிய பீரங்கிக்கு இது மாதக்கணக்கில் முடியாது, ஆண்டுகள் ஆகும். டெண்டர் விட்டுப் பொங்கலுக்குள் முடித்துக் கொடுக்கும் வேலையாக இதை நினைக்கிறவர்கள் தொடங்காமலிருப்பதே மேல்.

எல்லாப் பீரங்கிகளுக்கும் தொட்டி வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. கடலடிக்கே போகாமல் கோட்டை மதிலில் காலங்கழித்தவைகளும் உண்டு. அவற்றுக்குக் கையால் மெதுவாகத் துடைப்பதும், தரையிலிருந்து உயர்த்தி வைப்பதும், மழைநீர் உள்ளே தேங்காதபடி வாயைச் சற்றே கீழ்நோக்கிச் சாய்ப்பதும், மேலே ஒரு கூரை போடுவதும், ஆண்டுதோறும் மெழுகு பூசுவதும் பெரிய உதவி. சிமெண்ட் மேடையில் பாதி புதைத்து வைப்பதுதான் மிக மோசம். ஈரம் அங்கே போய்த் தங்கும், வெளியேற வழியிருக்காது.

மேலே எழுதியிருப்பதை வாசியுங்கள்

சுத்தம் செய்வதற்கு முன் பீரங்கியை வாசிக்க வேண்டும். ஆங்கிலேயப் பீரங்கி பலவற்றின் பின்பகுதியில் மூன்று எண்கள் வெட்டியிருக்கும். உதாரணமாக 55-2-14 என்று இருந்தால், முதல் எண் 112 பவுண்டு கொண்ட ஹண்ட்ரட்வெயிட், இரண்டாவது அதில் கால்பங்கான 28 பவுண்டு, மூன்றாவது மீதிப் பவுண்டு. கணக்குப் போட்டால் 6,230 பவுண்டு, ஏறத்தாழ 2,826 கிலோ. பீரங்கி தன் எடையைத் தானே சொல்கிறது. இன்று எடை போட்டுப் பார்த்தால் எவ்வளவு இரும்பு கரைந்திருக்கிறது என்று தோராயமாகத் தெரிந்துவிடும். மேலே கிரீடமும் ஜிஆர் எழுத்துகளும் இருந்தால் ஜார்ஜ் மன்னர்கள் காலம். கிழக்கிந்தியக் கம்பெனி தன் வணிகக் குறியைப் பொறித்தது. டச்சுக் கம்பெனியின் விஓசி குறிக்கு மேல் ஓர் எழுத்து இருந்தால் அது எந்த நகரக் கிளை வாங்கியது என்பதைக் காட்டும்; ஆம்ஸ்டர்டாமுக்கு ஏ. பக்க முளையின் முகத்தில் எஃப் இருந்தால் ஸ்வீடனின் ஃபின்ஸ்பாங் வார்ப்பாலையைச் சந்தேகிக்கலாம். சோழமண்டலக் கரையில் டச்சுக்காரரும் டேனியரும் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அடுத்தடுத்துக் கோட்டை கட்டி, கைப்பற்றி, இழந்து, மீட்டிருக்கிறார்கள். தரங்கம்பாடி டான்ஸ்போர்க் கோட்டையில் கிடப்பதால் மட்டும் ஒரு பீரங்கி டேனியப் பீரங்கி ஆகிவிடாது. அதன் மேல் இருப்பதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

எனவே யாரும் தூரிகையைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் சாய்வொளியில் படமெடுத்து, முடிந்தால் முப்பரிமாண ஸ்கேன் செய்து, முளைகளின் முகங்களையும் திரித்துளையையும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும் என்று கோருகிறோம். இதற்கு ஆகும் செலவு பெயின்ட் செலவைவிடப் பெரிதல்ல.

உள்ளே என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். 2013 ஜனவரியில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஒரு பழைய பிரிட்டிஷ் பீரங்கியின் துருவை அகற்றிக்கொண்டிருந்த ஊழியர்கள் அடைப்பை நீக்கியபோது குண்டும், அடைப்புத் துணியும், சுமார் 800 கிராம் வெடிமருந்தும் வெளிவந்தன. 1780இல் மூழ்கிய ஹெச்எம்எஸ் ஹஸ்ஸார் கப்பலின் பீரங்கி அது. பல தலைமுறைகளாக மக்கள் நடுவே மருந்து ஏற்றிய நிலையிலேயே இருந்திருக்கிறது. வட கரோலினா கடலில் கிடைத்த, 1718இல் தரைதட்டிய குவீன் ஆன்ஸ் ரிவெஞ்ச் கப்பலின் பீரங்கிகளில் சிலவும் ஏற்றிய நிலையில்தான் இருந்தன. வாய் அடைபட்ட எந்தப் பீரங்கியையும் காலியானது என்று முடிவுகட்டிக் கம்பியால் குத்தவோ, வெல்டிங் வைக்கவோ, நெருப்பால் சூடேற்றவோ கூடாது.

வெடித்துப் பார்க்கும் ஆசை

அசல் பீரங்கியை வெடிக்கக் கூடாது. வெறும் மருந்தானாலும் கூடாது. வார்ப்பிரும்பு வளையாது, வீங்காது. உடையும்போது முன்னறிவிப்பே இல்லாமல் துண்டுகளாகச் சிதறும். உள்ளே கிராஃபைட்டாகிப்போன இடம் எது, வார்க்கும்போதே விழுந்த காற்றறை எது என்று வெளியிலிருந்து தெரியாது.

இதற்கு எதிராக எப்போதும் சொல்லப்படும் உதாரணம் கேப் டவுன். அங்கே சிக்னல் குன்றில் பதினெட்டு பவுண்டுப் பழம் பீரங்கிகள் இன்றும் நண்பகல் வெடி போடுகின்றன, ஞாயிறும் விடுமுறையும் தவிர. நியாயமான எதிர்வாதம்தான், ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அவை உப்புநீரில் கிடந்து எடுக்கப்பட்டவையல்ல. கடற்படையின் பராமரிப்பில் தொடர்ந்து புழக்கத்தில் இருப்பவை. போடுவதும் குண்டில்லாத வெடி. விட்டுப்போகாத புழக்கமே அங்கே மரபாகியிருக்கிறது. நூறாண்டு மணலில் கிடந்ததைத் தூக்கி நிறுத்தி, ஆட்சியர் முன்னிலையில் திரி வைப்பதற்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை.

வெடித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டிய கேள்விகள் உண்டு, மறுக்கவில்லை. அதற்கு நகல் இருக்கிறது. அந்த வழியை ஸ்வீடன் காட்டியிருக்கிறது.

வண்டி

1628 ஆகஸ்ட் 10 அன்று ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில், முதல் பயணத்திலேயே வாசா கப்பல் கவிழ்ந்து மூழ்கியது. அதில் இருந்த 64 பீரங்கிகளில் 48 இருபத்துநாலு பவுண்டுப் பீரங்கிகள், வெண்கலம். வெண்கலம் என்றால் பணம். 1660களில் மூழ்குமணி ஒன்றைப் பயன்படுத்தி, இருட்டில், குளிரில், ஐம்பதுக்கும் மேற்பட்ட பீரங்கிகளை மேலே கொண்டுவந்துவிட்டார்கள். அந்தக் காலத்துக்கு அசாத்தியமான வேலை. ஆனால் மரவண்டியை யாரும் பொருட்படுத்தவில்லை. பீரங்கியை உருவியெடுத்துவிட்டு வண்டியை அப்படியே விட்டுப் போனார்கள். 1961இல் கப்பலைத் தூக்கியபோது மூன்று பீரங்கிகள்தாம் மிச்சம். வண்டிகளோ ஏராளமாக இருந்தன. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கப்பல் பீரங்கியை எப்படி ஏற்றி, எப்படி இயக்கினார்கள் என்பதற்கு இன்று உலகில் இருக்கும் முக்கியச் சான்றுகளில் அந்த மரங்களும் அடங்கும்.

பின்னர் அங்கே ஓர் இருபத்துநாலு பவுண்டுப் பீரங்கியை வெண்கலத்தில் நகல் வார்த்து, கிடைத்த வண்டிகளைப் பார்த்தே வண்டியும் செய்து, 2014இல் கார்ல்ஸ்கோகாவிலுள்ள சோதனைத் தளத்தில் வெடித்துப் பார்த்தார்கள். வாசாவின் பக்கச்சுவரைப் போலவே ஓக் மரத்தில் ஒரு சுவரும் கட்டியிருந்தார்கள். குண்டு அதைத் துளைத்துக்கொண்டு போயிற்று. நாங்கள் மெச்சுவது துளைத்ததை அல்ல. குழல், வண்டி, குண்டு, சுவர் எல்லாவற்றையும் சேர்த்துச் செய்ததால்தான் அந்தச் சோதனைக்குப் பொருள் வந்தது. குழலை மட்டும் வார்த்துக் கான்கிரீட் கட்டையில் வைத்து வெடித்திருந்தால் சத்தம்தான் மிஞ்சியிருக்கும்.

கப்பல் வண்டி பார்க்க எளிமையாக இருப்பதால் எந்தத் தச்சராலும் ஊகித்துச் செய்துவிடலாம் என்று தோன்றும். இரண்டு பக்கப் பலகைகள், படிப்படியாகப் பின்னால் இறங்குபவை, இரண்டு அச்சுகள், நான்கு சிறு சக்கரங்கள், குழலின் பின்புறத்தை ஏற்றி இறக்க ஓர் ஆப்பு. ஆனால் ஒவ்வொன்றிலும் காரணம் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேய வண்டியின் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடச் சற்றுப் பெரியவை. கப்பலின் தளம் நடுவில் உயர்ந்து ஓரத்தை நோக்கிச் சரியும். பீரங்கியோ ஓரத்தை நோக்கி நிற்கும். முன்சக்கரம் பெரிதாக இருந்தால்தான் குழல் மட்டமாக நிற்கும். நான்கையும் ஒரே அளவில் செய்தால் காட்சிக்கூடத்தின் சமதரையில் அழகாகத்தான் இருக்கும், ஆனால் அது கப்பல் வண்டியல்ல. பக்கப் பலகைக்கு எல்ம் மரத்தை விரும்பினார்கள். இழை பின்னிப்பின்னி ஓடுவதால் எளிதில் பிளக்காது. ஸ்வீடன், டச்சு மரபின் பழைய வண்டிகளில் அடியில் முழுப் பலகை உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேய வண்டியில் அது இல்லை. டச்சுப் பீரங்கியை ஆங்கிலேய வண்டியில் ஏற்றி வைப்பது, வேட்டிமேல் பெல்ட் போட்டு அதுதான் மரபு உடை என்று சொல்வதைப் போன்றது.

வண்டியை வெறுமனே கற்பனையால் செய்ய வேண்டியதும் இல்லை. குழலே அளவைச் சொல்லிவிடும். பக்க முளைகளின் விட்டம் பெரும்பாலும் குண்டுவாயின் விட்டத்தை ஒட்டியே இருக்கும். முளையிலிருந்து பின்முனை வரை உள்ள தூரம் வண்டியின் நீளத்தைத் தீர்மானிக்கிறது. முளைகள் குழலின் நடு அச்சில் இருக்கின்றனவா, அதற்குக் கீழே இருக்கின்றனவா என்பதைப் பொறுத்துப் பக்கப் பலகையின் உயரம் மாறும். 1757இல் வெளிவந்த ஜான் முல்லரின் பீரங்கி நூல் வண்டிக்கான அளவு விகிதங்களைத் தருகிறது. பீரங்கி எந்த நாட்டுடையது என்று தெரிந்த பிறகு இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் நேர்மையான ஒரு வண்டியைச் செய்துவிடலாம். அப்படித் தெரியாவிட்டால் 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம் வகுத்த எல்லையே எங்களுக்கும் எல்லை: ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பை நிறுத்திக்கொள்வது. பெரிய ஆரைச் சக்கரங்கள் பூட்டிய, ஊர்வலத்துக்குப் போகும் வண்டிகளைக் கப்பல் பீரங்கிக்கு மாட்டும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. சினிமாவில் பார்த்தது என்பதைத் தவிர அதற்கு வேறு ஆதாரம் எங்களுக்குத் தெரியவில்லை.

வெட்டவெளியில் மரவண்டி வேண்டாம் என்கிறோம். இதில் எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. தேக்கில் செய்தால் தாங்கும் என்று சிலர் வாதிட்டார்கள். தேக்கும் தாங்காது, பீரங்கியின் பாரத்தில் முளை உட்காரும் பள்ளத்தில் நீர் தேங்கி அங்கிருந்தே உளுக்கத் தொடங்கும் என்பது தச்சு வேலை தெரிந்தவர்களின் பதில். வரலாறும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரிட்டிஷார் வெயிலும் மழையும் படும் கோட்டைகளுக்கு வார்ப்பிரும்பு வண்டிகளைக் கொடுத்தார்கள். எதிரிக் குண்டு பட்டால் அவை சிதறும் என்று தெரியும். அமைதிக் காலத்தில் மரம் உளுத்துப்போகும் என்பதும் தெரியும். ஆகவே கூரையின் கீழ் மரவண்டி, வெளியில் எளிய இரும்புத் தாங்கி, இரண்டிலும் குழல் நேரே உரசாதபடி ரப்பர்த் தகடு என்று முடிவுசெய்தோம்.

நகல் எப்படி இருக்க வேண்டும்

அசலின் மேல் நேரடியாக அச்செடுப்பதை எதிர்க்கிறோம். இளகிய மேலடுக்கு அச்சோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். வேறொரு குறையும் உண்டு: வார்ப்பிரும்பு குளிரும்போது நூற்றில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கும். அசலில் எடுத்த அச்சில் வார்த்தால் ஒன்பதரை அடி நீளப் பீரங்கி ஓர் அங்குலத்துக்கு மேல் குட்டையாக வரும். ஸ்கேன் அளவுகளைக் கொண்டு சுருக்கத்துக்கு இடம்விட்டுப் பேட்டர்ன் செய்வதே சரி. கோயம்புத்தூர் ஃபவுண்டரிகளில் இந்தக் கணக்குத் தெரியாத ஆள் இல்லை. வெளிநாட்டிலிருந்து நகல் வரவழைக்க வேண்டும் என்ற பேச்சு எங்களுக்கு வியப்பாகவே இருக்கிறது.

நகலில் அதை வார்த்த ஆண்டு கண்ணுக்குத் தெரியும் இடத்தில், வார்ப்பிலேயே வர வேண்டும் என்கிறோம். முளையின் முகம் அதற்குப் பொருத்தம். பின்னாளில் பழம்பொருள் சந்தையில் அது அசலாக வேடம் போடக் கூடாது. காட்சிக்கு நிற்கும் நகலில் திரித்துளையைத் துளைக்கவே கூடாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கேள்விகளை வீணாக இழுத்துக்கொள்ள வேண்டாம். எடை முக்கியமில்லாத இடத்தில் கண்ணாடியிழை நகலும் போதும். போர்ட்ஸ்மத்தில் 1922 முதல் உலர்துறையில் நிற்கும் ஹெச்எம்எஸ் விக்டரியே இதற்குச் சாட்சி. டிரஃபால்கரில் 104 பீரங்கி சுமந்த அந்தக் கப்பலின் தளங்களில் இன்று நிற்பவற்றில் பெரும்பாலானவை எடை குறைந்த நகல்கள். தண்ணீரின் தாங்கல் இல்லாத உடல் இரும்பின் பாரத்தைத் தாங்காது என்பதால் அப்படிச் செய்தார்கள். பார்க்க வருபவர்கள் யாரும் குறைபட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

கடலில் கிடப்பவை

கடலடியில் பீரங்கி தென்பட்டால் தூக்க வேண்டாம். தொட்டியும் மின்சாரமும் ஆளும் பல ஆண்டுகளுக்கான பணமும் தயாராக இருந்தால் மட்டுமே தூக்குவதைப் பற்றிப் பேசலாம். தொட்டி எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்தே பேச வேண்டும். 1659இல் காலித் துறைமுகத்தில் மூழ்கிய டச்சுக் கப்பல் ஆவொண்ட்ஸ்டரை இலங்கையின் கடல்சார் தொல்லியல் பிரிவினர் ஆராய்ந்து வந்தார்கள். 2004 டிசம்பர் ஆழிப்பேரலை கரையோரம் இருந்த அவர்களுடைய ஆய்வகத்தையே அடித்துக்கொண்டு போனது. நம் கரையில் அமைக்கப்படும் எந்தக் கூடத்துக்கும் இது பொருந்தும். வலையில் சிக்கி ஏதாவது மேலே வந்துவிட்டால் காயவிடாமல், சலவை சோடா கரைத்த நல்ல தண்ணீரில் மூழ்கவைத்துவிட்டு, தொல்லியல் துறைக்குச் சொல்ல வேண்டும். காய்ந்தால் உள்ளிருக்கும் உப்பு இரும்பை வெடிக்கவைக்கத் தொடங்கிவிடும்.

நூறாண்டைக் கடந்த பீரங்கிகள் 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டத்தின்கீழ் வருபவை. ஊராட்சிக்கோ, கல்லூரிக்கோ, ஓட்டல் முதலாளிக்கோ அவற்றின்மேல் பெயின்ட் அடிக்கும் உரிமை இருப்பதாக நாங்கள் கருதவில்லை. நல்லெண்ணம் அந்த உரிமையைத் தந்துவிடுவதில்லை. கோட்டைகளையும் அருங்காட்சியகங்களையும் நிர்வகிக்கும் துறைகள் தம்மிடமுள்ள பீரங்கிகளை எண்ணி, முத்திரை, அளவு, இடம், நிலை ஆகியவற்றோடு ஒரு பதிவேட்டைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். அதற்கு முன்னால் எந்தப் புதுப்பிப்பு ஒப்பந்தமும் வேண்டாம்.

இனி அசல் பீரங்கியை வெடிக்கும் எந்த நிகழ்ச்சிக்கும் எங்கள் அமைப்பு ஆலோசனை தராது, பெயரையும் தராது. நகல் வார்க்கவோ வண்டி செய்யவோ முன்வரும் பள்ளிகளுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் அளவெடுக்க எங்கள் உறுப்பினர்களை அனுப்புகிறோம். கட்டணம் இல்லை. முளை விட்டம், முளையிலிருந்து பின்முனை வரையிலான நீளம், குண்டுவாயின் விட்டம், எல்லாப் பக்கங்களின் படங்கள் ஆகியவற்றை முன்கூட்டியே அனுப்பினால் போதும்; குழலின் வாயை மட்டும் நாங்கள் வரும்வரை யாரும் திறக்க வேண்டாம்.